பத்தொன்பது விநாடிக்குப் பிறகு வாள் என்ன ஆயிற்று

குருக்ஷேத்திரம், பத்ரு, கெத்சமனித் தோட்டம் மூன்றும் ஒரே நாளில் ஒரே மைக்செட்காரரிடம் புக்கான வருஷம் ஒன்று என் பணிக்காலத்தில் வந்தது. வருவாய்த் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அதைத்தான் சொல்லப் போகிறேன். பட்டா மாறுதல், அடங்கல், வெள்ள நிவாரணப் பட்டியல் எல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். ஒரு கூட்டத்தில் உங்களுக்கென்று நாற்காலி போட்டால் அதில் உட்கார வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள். நானே ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்புதான் கற்றுக்கொண்டேன்.

முதலில் நாள் கணக்கு. என் டைரியில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் மூன்று தேதி இருக்கும். ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, பிறைத் தேதி. அலுவலகத்தில் எனக்கு 'காலண்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதனால்தான் அந்தப் பங்குனியில் என்ன வரப் போகிறது என்று எனக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்தது. ஒரு வியாழக்கிழமை ரமலான் பிறை பதினேழாக வந்தது. அன்று நபிகள் நாயகம் காலத்துப் பத்ருப் போரின் நினைவு நாள். பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்குப் பிறகு பயான், அதாவது மார்க்கச் சொற்பொழிவு, நடக்கும். அதே நாள் கிறிஸ்தவர்களுக்குப் பெரிய வியாழன். கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவரைப் பிடிக்கச் சேவகர்கள் வந்த இரவை நினைத்து மாலையில் திருப்பலி. அதே நாள் திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் யுத்தக் கதையின் கடைசிப் பிரசங்கம். மறுநாள் காலை படுகளம். தோற்ற அரசனை மண்ணால் தரையில் படுக்க வைத்து, கதையை முடிப்பார்கள்.

மரக்காணம் உப்பளக் கரையோரத்தில் ஓர் ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் மாதா கோயிலுக்கும் நடுவே கூப்பிடு தூரம்தான். காலையில் ஒரே உப்புப் பாத்தியில் வேலை செய்துவிட்டு, மாலையில் மூன்று கோயிலுக்குப் பிரிந்து போகிறவர்கள் அங்கே அதிகம். நான் அந்த வட்டாரத்துக்கு வருவாய் ஆய்வாளர்.

அமைதிக் கூட்டத்தைத் திங்கள்கிழமை கூட்டினோம். நான் கொஞ்சம் படிக்கிற ஆள். புனிதப் போரைப் பற்றி மட்டும் வீட்டில் ஒன்றரை அலமாரி புத்தகம் இருக்கிறது. எந்த மதம் எப்போது வாளை எடுக்கச் சொன்னது, எப்போது இறக்கச் சொன்னது, அந்தச் சொல்லை யார் எப்படி வளைத்தார்கள் என்பதெல்லாம் எனக்கு ஓரளவு தெரியும். தெரிந்ததால்தான் தப்புச் செய்தேன். அனுமதிக்கான நிபந்தனைகளில் கடைசியாக ஒரு வரி சேர்த்திருந்தேன்: 'நிகழ்ச்சிகளில் போர் பற்றிய பேச்சு இடம்பெறக் கூடாது.'

கூட்டத்தில் அதைப் படித்தேன். கோயில் தரப்பில் வந்திருந்த பிரசங்கியார்தான் முதலில் வாயைத் திறந்தார். பிரம்மதேசத்துக்காரர். முப்பது வருஷமாக ஊர் ஊராகப் போய் யுத்தக் கதை சொல்கிறவர்.

"சார், பதினெட்டு நாள் யுத்தத்துல யுத்தத்தை எடுத்துட்டா மீதி என்ன இருக்குது? குதிரைக்குத் தண்ணி காட்டறதா?"

பங்குத்தந்தை சிரித்துக்கொண்டே சேர்ந்துகொண்டார். "எனக்கும் கஷ்டங்க. எங்க சீடர் ஒருத்தர் அன்னைக்கு வாளை உருவி ஒருத்தன் காதை வெட்டிடறாரு. ஆண்டவர் உறையில போடச் சொல்றாரு. வாளே வரக்கூடாதுன்னா எதை உறையில போடறது?"

"அவர் சொன்னதை எல்லாரும் கேட்டாங்களா ஃபாதர்?" என்று நான் படிப்பைக் காட்டினேன்.

"எங்க கேட்டாங்க? எங்காளுங்க பல நூறு வருஷம் உறை எங்கன்னு தேடினு இருந்தாங்க" என்றார் அவர். கூட்டம் சிரித்தது. அமைதிக் கூட்டத்தில் மூன்று தரப்பும் ஒன்றாகச் சேர்ந்து சிரிப்பது நல்ல சகுனம். ஆனால் அவர்கள் சேர்ந்தது எனக்கு எதிராக.

ஜமாஅத் சார்பில் வந்திருந்தவர் சலீம். முப்பது வயது இருக்கும். வளைகுடாவில் ஒரு கிடங்கில் வேலை. மதரஸாவில் சில வருஷம் ஓதியவர், நன்றாகப் பேசுவார் என்பதால், தங்கை கல்யாணத்துக்கு லீவில் வந்தவரை அன்றைய பயானுக்குப் பிடித்துப் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விமானம்.

"சார், நான் போரைப் பத்தித்தான் பேசப் போறேன்" என்றார் சலீம். "பத்ரு நாள்ல வேற என்னத்தைப் பேசறது? ஆனா நீங்க வாங்க. முன்வரிசையில உங்களுக்கு ஒரு நாற்காலி போடறேன். முழுசா கேளுங்க. தப்பா இருந்தா அங்கயே எழுந்து சொல்லுங்க."

வரியை அடித்துவிட்டேன். மிச்சம் இருந்த ஒரே சிக்கல் மைக்செட். கூட்டத்துக்கு வந்திருந்த மைக்செட்காரர் ஏழுமலையிடம் இரண்டு ஆம்ப்ளிஃபயர் உண்டு. ஒன்று பாண்டிச்சேரியில் ரிப்பேரில் கிடந்தது.

"ஒண்ணுதான் இருக்குது. மூணு பேரும் வரிசையில வாங்க" என்றார் ஏழுமலை. "கோயில்ல நாலரைக்கு முடிங்க. குட்டியானை வண்டியில ஏத்தினு அஞ்சு மணிக்கு பள்ளிவாசல். கஞ்சி குடிச்சதும் அவுத்து மாதா கோயில். ஏம்பா சலீமு, நீ நீட்டிட்டே போனா ஃபாதர் பூசையில வாயாலதான் கத்தணும், பாத்துக்கோ."

ஒன்றரை அலமாரி புத்தகத்தால் முடியாத மத நல்லிணக்கத்தை ஒரு பழுதான ஆம்ப்ளிஃபயர் செய்து முடித்தது என்று அன்றைய டைரியில் எழுதினேன். எழுதும்போது என் மேலேயே எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. அப்படித் திருப்தி வரும்போது கவனமாக இருங்கள்.

வியாழக்கிழமை பிரசங்கம் நாலரைக்குச் சரியாக முடிந்தது. கடைசி நாள் கதை. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். ஏழுமலை ஹார்ன்களைக் கழற்றிக் குட்டியானையில் போட்டார். பிரசங்கியார் ஆம்ப்ளிஃபயரை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பள்ளிவாசலில் இறக்கி மாட்டிவிட்டு அவரை பஸ் ஸ்டாப்பில் விடுவதாக ஏற்பாடு.

ஐந்து மணிக்குப் பள்ளிவாசல் பந்தலில் என் நாற்காலி இருந்தது. மற்றதெல்லாம் பாய், அது ஒன்றுதான் நாற்காலி, சிவப்பு நிறம். உட்கார்ந்தேன். சலீம் துஆ ஓதி, ஜமாஅத் தலைவருக்கு, கஞ்சிக்கு அரிசி கொடுத்தவருக்கு, பந்தல்காரருக்கு என்று நன்றி சொல்ல ஆரம்பித்தார். நன்றிப் பட்டியல் முடிய ஐந்து நிமிடமாவது ஆகும் என்று கணக்குப் போட்டேன். அதற்குள் ஒரு நடை போய் வரலாம்.

போன இடம், கோயிலுக்குப் பின்னால் உப்பளத்தை ஒட்டிய திடல். மறுநாள் படுகளத்துக்கான மண் அரசனை அங்கே செய்துகொண்டிருந்தார்கள். வருஷா வருஷம் காலையில் முடிந்த உருவத்தைத்தான் பார்த்திருக்கிறேன், செய்யும்போது பார்த்ததில்லை. உப்பு பூத்த மண்ணைக் குழைத்து, தென்னை உயரத்துக்கு ஓர் ஆள் தரையில் மல்லாந்து உருவாகிக்கொண்டிருந்தான். ஓய்வு நேரத்தில் ஊர் வரலாறு எழுதுகிற எனக்கு இதை விட்டுவிட்டு எப்படிப் போக மனசு வரும்? பையில் எப்போதும் டேப் இருக்கும். அளக்கத் தொடங்கினேன். தலை, தோள், தொடை, பாதம். இடது பாதம் ஐந்தே கால் அடி, வலது பாதம் ஐந்தரை அடி. செய்துகொண்டிருந்தவரிடம் மூன்று அங்குலம் வித்தியாசம் இருப்பதைச் சொன்னேன்.

"நாளைக்கு சாவப் போறவருக்கு செருப்பா தைக்கப் போறோம் சார்?" என்றார் அவர், மண்ணைத் தட்டிக்கொண்டே.

கடல் காற்று எதிர்ப்பக்கமாக அடித்ததால் பள்ளிவாசல் ஹார்ன் சத்தம் திடலுக்கு வரவே இல்லை. நேரம் போனதும் தெரியவில்லை. திரும்பியபோது மணி ஆறேகால். பயான் முடிந்து, நோன்பு திறக்கக் கஞ்சிப் பாத்திரங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

சலீம் எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டு வந்து கொடுத்தார். நான் சும்மா வாங்கிக் குடித்திருக்கலாம். "அருமையா பேசினீங்க" என்றேன்.

"எந்த இடம் பிடிச்சிது சார்?"

"எல்லா இடமும்தான்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு, "பேரீச்சம்பழம் எடுத்துக்கோங்க சார்" என்று தட்டை நீட்டினார்.

திருப்பலியை மட்டும் முழுதாக இருந்து கேட்டேன். வீட்டுக்குப் போனதும் கோட்டாட்சியருக்கு வாட்ஸாப்பில் அறிக்கை அனுப்பினேன்: 'மூன்று நிகழ்ச்சிகளையும் நேரில் இருந்து கேட்டேன். ஆட்சேபகரமாக எதுவும் பேசப்படவில்லை.' டைரியில் மட்டும் உண்மையை எழுதினேன்: '5.05 முதல் 6.10 வரை மண் உருவம் அளந்தேன்.' பாத அளவுகளும் உண்டு. ஒரே கை, ஒரே நாளில், இரண்டு விதமாக எழுதியது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோட்டாட்சியர் கூப்பிட்டார். என் மகள் வயது. ஆனால் குரலில் அது தெரியாது.

"ஒரு கிளிப் அனுப்பியிருக்கேன். பாத்தீங்களா?"

பார்த்தேன். பத்தொன்பது விநாடி. சலீம் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார். கீழே விழுந்து கிடக்கிற எதிரி. தூக்கிய வாள். "இது அல்லாஹ்வுக்காகத் தூக்குன வாள். இறங்குனா தலை இருக்காது. நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? சொல்லுங்க, என்ன செய்வீங்க?" பந்தலில் இருந்து பத்துப் பதினைந்து குரல் ஒன்றாக: "வெட்டணும்!" அத்தோடு கிளிப் முடிகிறது.

"மாவட்டம் முழுக்க சுத்துது" என்றார் மேடம். "இன்ஸ்பெக்டர் கேஸ் போடணும்கிறார். நீங்க நேரில் கேட்டதா எழுதியிருக்கீங்க. பத்தரைக்கு அவரோட அங்க வர்றேன். பதினொண்ணரைக்கு படுகளம், ஒரு மணிக்கு ஜும்மா, மூணு மணிக்கு சிலுவைப்பாதை. அதுக்குள்ள நான் ஒரு முடிவு எடுக்கணும். உங்களை நம்பித்தான் எடுக்கப் போறேன்."

கேஸ் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை விமானம் போய்விடும். பாஸ்போர்ட் போய்விடும். கிடங்கு வேலைக்கு அங்கே வேறு ஆள் வந்துவிடுவான். அதற்கெல்லாம் முன்னால், ஜும்மாவுக்குக் கூடுகிற நேரத்தில் ஒருவரைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றினால் ஊரின் மூன்று தெருவும் என்ன ஆகும் என்று தெரியாது.

வண்டியை எடுத்துக்கொண்டு சலீம் வீட்டுக்குப் போனேன். வாசலில் கட்டிய கல்யாணத் தோரணத்தை இன்னும் கழற்றவில்லை. சலீம் சட்டை மாற்றிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்.

"அதுக்கப்புறம் என்ன சொன்னீங்க?" என்றேன், நின்றபடியே.

"நான் சொல்லி என்ன சார் பிரயோஜனம்? நான்தானே குத்தவாளி. ஜமாஅத்துல யார் சொன்னாலும் உங்க ஆளுங்கதானேன்னுவாங்க. வெளியாள் ஒருத்தர் முழுசா கேக்கணும்னுதான் சார் நாற்காலி போட்டேன். உங்களுக்காகத்தான் அந்தக் கதையையே எடுத்தேன்."

எனக்குக் கெட்ட யோசனைதான் முதலில் வந்தது. "நீங்க இப்ப கதையைச் சொல்லுங்க தம்பி. நான் நேத்து கேட்ட மாதிரி மேடம்கிட்ட சொல்லிடறேன். எப்படியும் கேட்டேன்னு எழுதிட்டேன்."

சலீம் தலையை ஆட்டினார். "நோன்பு வெச்சிருக்கேன் சார். எனக்காக நீங்க பொய் சொல்ல வேணாம். அப்புறம் அந்தக் கதைக்கே அர்த்தம் இல்லாம பூடும்." பிறகு செல்போனை எடுத்துக் காட்டினார். "அதோட, இதையும் பாருங்க."

கோயில் வாட்ஸாப் குழுவில் வந்த படம். மண் அரசனின் காலடியில் குந்திக்கொண்டு, நாக்கைத் துருத்தி, டேப்பைப் பிடித்திருக்கிறேன். கீழே நேரம்: மாலை 5.21. அதற்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: 'அரசருக்கு பட்டா குடுக்கறாங்கபா.'

அந்த நிலைமையிலும் சலீமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். சிரித்து முடித்ததும்தான் ஒரு கேள்வி கேட்கத் தோன்றியது.

"அப்ப என் நாற்காலி காலியாவா இருந்துது?"

"இல்லையே. நீங்க எழுந்து போனதும் பிரசங்கியாரை உக்கார வெச்சோம். ஏழுமலை ஒயர் மாட்டி முடிக்கட்டும்னு நின்னுனு இருந்தாரு. பெரியவரு, பாய்ல உக்கார முடியாதுன்னு. அவரு கஞ்சி வரைக்கும் எழுந்திருக்கவே இல்ல."

பத்தரைக்குக் கிராம நிர்வாக அலுவலகத்தில் மேடமும் இன்ஸ்பெக்டரும் வந்து உட்கார்ந்தார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன். "மேடம், நேத்து அனுப்பின அறிக்கை தப்பு. பயானை நான் கேக்கல. அந்த ஒரு மணி நேரம் படுகளத் திடல்ல இருந்தேன்." டைரியையும் திறந்து காட்டினேன்.

இத்தனை வருஷ சர்வீஸில் இவ்வளவு சின்ன வாக்கியம் சொல்ல எனக்கு இவ்வளவு நேரம் பிடித்ததில்லை. மேடம் டைரியைப் படித்தார். "ஐந்தே கால் அடி" என்று சத்தமாக வாசித்தார். அதுதான் மோசமாக இருந்தது.

"அப்ப சாட்சியே இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர், எழுந்துகொண்டே.

"இருக்கார் சார்" என்றேன்.

படுகளத்துக்குத் தயாராகிக் கழுத்தில் மாலையோடு இருந்த பிரசங்கியாரை, நான் சொல்லியனுப்பியபடி, ஏழுமலை குட்டியானையில் கொண்டு வந்து இறக்கினார். இன்ஸ்பெக்டர் முதலில் ஏழுமலையைப் பிடித்தார்.

"நீ ரெகார்ட் பண்ணலையாய்யா?"

"ரெகார்டிங் கல்யாணத்துக்குத்தான் சார். அது தனி ரேட்டு."

இன்ஸ்பெக்டர் பிரசங்கியார் பக்கம் திரும்பினார். "நீங்க அந்தக் கிளிப்பைப் பாத்தீங்களா?"

"என்கிட்ட இருக்கறது பட்டன் போனுங்க. கூப்பிட்டா எடுப்பேன்."

"சரி. நேத்து சலீம் என்ன பேசினாரு?"

பிரசங்கியார் மாலையைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "சுருக்கமாவா, விரிவாவா?"

"பேசினபடி" என்றார் மேடம்.

அப்புறம் நடந்தது எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காதது. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். குரல் சலீமின் குரல் இல்லை. ஆனால் நிறுத்தம், இழுப்பு, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் சலீம் போடும் 'விளங்குதா' எல்லாம் அப்படியே வந்தன. நன்றிப் பட்டியலையும் விடவில்லை. பத்ரு மைதானம், தண்ணீர், மணல், எண்ணிக்கையில் சின்னக் கூட்டம். நடுவே ஓர் இடத்தில் நிறுத்தி, "இங்க ஏழுமலை மைக்கு கீ...ன்னு கத்திச்சி" என்றார். "அது ஒயர் பழசு" என்றார் ஏழுமலை, கதவோரத்தில் இருந்து.

பிறகு நபித்தோழர் ஒருவரின் கதை. வேறொரு போர். கீழே விழுந்து கிடக்கிற எதிரி. தூக்கிய வாள். "இது அல்லாஹ்வுக்காகத் தூக்குன வாள். இறங்குனா தலை இருக்காது. நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? சொல்லுங்க, என்ன செய்வீங்க?" பிரசங்கியார் கண்ணைத் திறந்தார். "இங்க இளவட்டங்க எல்லாம் 'வெட்டணும்'னு கத்தினாங்க. பின்வரிசையில ஒருத்தர் மட்டும் லேட்டா கத்தினாரு."

இன்ஸ்பெக்டர் செல்போனை எடுத்துக் கிளிப்பைப் போட்டார். சொல்லுக்குச் சொல் அதுவே. கடைசியில் எல்லாரும் கத்தி முடித்த பிறகு ஒரே ஒரு குரல் தனியாக, லேட்டாக: "வெட்டணும்." காலையில் இருந்து பத்து தடவை பார்த்திருந்தேன்; அந்தக் கடைசிக் குரல் என் காதில் விழவே இல்லை.

கிளிப் நின்றுவிட்டது. பிரசங்கியார் நிற்கவில்லை.

"'வெட்டணும்னு சொல்றீங்க. அந்த எதிரிக்கும் அது தெரிஞ்சுபோச்சு. சாவப் போறோம்னு முடிவானதும், கீழ கிடந்தபடியே இவரு மூஞ்சில காறித் துப்பிட்டான். விளங்குதா? இவரு என்ன பண்ணாரு? வாளை இறக்கிட்டாரு. திரும்பி நடந்துட்டாரு.'"

"ஏன் வெட்டல?" என்றார் இன்ஸ்பெக்டர். விசாரணைக் கேள்வி இல்லை அது. கதை கேட்கிறவரின் கேள்வி.

"இதையேதான் அவனும் கேட்டானாம். அதுக்கு இவரு சொன்னாரு: 'துப்பற வரைக்கும் இது அல்லாஹ்வோட சண்டை. துப்பினதும் எனக்குக் கோவம் வந்துடுச்சு. இப்ப வெட்டினா அது என் கோவத்துக்கு வெட்டினது.' அப்புறம் கூட்டத்தைப் பாத்து: 'இப்ப சொல்லுங்க, நீங்க சொன்ன பதில் சரியா தப்பா? யாரும் பேச மாட்டேங்கறீங்க. நமக்கு இன்னைக்கு கையில வாள் இல்ல, கோவம்தான் இருக்குது. நம்ம நஃப்ஸோட, நம்ம மனசோட பண்ற சண்டைதான் பெரிய சண்டை. விளங்குதா?'"

பிரசங்கியார் மாலையை எடுத்துத் திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டார். சொந்தக் குரலுக்கு வந்தார். "கூட்டத்தைத் தப்பா பதில் சொல்ல வெச்சிட்டு, அப்புறம் திருப்பிக் கேக்கறது. எங்க தொழில்ல அது பெரிய வித்தைங்க. அதனாலதான் எழுந்திருக்காம உக்காந்திருந்தேன். எங்க யுத்தத்துலயும் முதல் நாளே விதி போட்டாங்க. பொழுது சாஞ்சா அம்பு விடக்கூடாது, ஆயுதம் இல்லாதவனை அடிக்கக்கூடாதுன்னு. பதினெட்டு நாளைக்குள்ள எல்லாத்தையும் மீறிட்டாங்க. இன்னைக்கு அந்த மண்ணைச் சுத்தி பொம்பளைங்க அழறது செயிச்சவன், தோத்தவன்னு பாத்து இல்லைங்க. சரி, நேரமாச்சு. நான் போலாமா?"

மேடம் முழுவதையும் வாக்குமூலமாக எழுதச் சொன்னார். பிரசங்கியார் திருவிழாவை முடித்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார். கேஸ் இல்லை. ஜும்மாவுக்கு முன்னால் மூன்று தெருவின் வாட்ஸாப் குழுக்களிலும் பிரசங்கியார் சொன்னதன் சுருக்கம் போனது; அனுப்பியவர்கள் கோயில் கமிட்டி, ஜமாஅத், பங்குத்தந்தை மூவரும் சேர்ந்து. கிளிப்பை வெட்டிய ஆள் யார் என்று பிறகு தெரிந்தது. அவர் பெயர் டைரியில் இருக்கிறது, இங்கே வேண்டாம்.

வண்டியில் ஏறுமுன் மேடம் என்னைக் கூப்பிட்டார். "உங்களுக்கு மெமோ வரும்."

"வரட்டும் மேடம்."

"வரும்னு நான்தான் சொல்லணும். வரட்டும்னு நீங்க சொல்ல வேண்டாம்."

வந்தது. 'நேரில் கேட்காததைக் கேட்டதாக அறிக்கை அளித்தமைக்கு விளக்கம் கோரி.' விளக்கம் எழுத எனக்கு எதுவும் இல்லை. தவறு என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்திட்டேன். என் பணிக்காலத்திலேயே நான் எழுதிய மிகச் சரியான ஆவணம் அதுதான்.

இப்போது உங்களுக்கு. மூன்று மதத்திலும் வாளை எடுக்கச் சொல்லும் பக்கம் இருக்கிறது. எடுத்தவர்கள் நிறையப் பேர். அதை மறைக்க வேண்டியதில்லை. வாளை இறக்கச் சொல்லும் பக்கமும் இருக்கிறது, பெரும்பாலும் அதற்கு அடுத்த பக்கத்திலேயே. எந்தப் பக்கத்தில் நிறுத்துகிறோம் என்பதில்தான் ஊர் எரிவதும் எரியாததும். ஆகவே உங்களை அனுப்பும் கூட்டத்தில் கடைசி வரை உட்காருங்கள். பாதியில் எழுந்தால், எழுந்தேன் என்று எழுதுங்கள். நன்றிப் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷம் பிறை பதினேழு பதினோரு நாள் முன்னதாகவே வந்தது. பெரிய வியாழன் தனியாகப் பின்னால் தங்கிவிட்டது. ஏழுமலையின் இரண்டாவது ஆம்ப்ளிஃபயரும் ரிப்பேர் பார்த்து வந்துவிட்டது. நான் ஓய்வு பெற்றிருந்தேன், யாரும் கூப்பிடவில்லை, போனேன். பந்தலில் அதே சிவப்பு நாற்காலி இருந்தது. அந்த வருஷம் ஒரு வயதான ஹஜ்ரத் பேசினார். மெதுவான பேச்சு, வெட்கப்படாமல் சொல்கிறேன், இரண்டு தடவை கண் செருகியது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

முடியும் நேரத்தில் சலீமின் தங்கை வீட்டுக்காரர் செல்போனைக் கொண்டு வந்து என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். திரையில் சலீம், பின்னால் மலைபோல் அடுக்கிய பெட்டிகள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் சார். வந்திருக்கீங்கன்னு சொன்னாங்க. நம்பல. நாற்காலியைக் காட்டுங்க பாக்கலாம்."

நாற்காலி நன்றாகத் தெரியட்டும் என்று நான் எழுந்து ஒதுங்கி நின்றேன்.

"ஐயோ, உக்காருங்க சார்" என்றார் சலீம். "காலியா தெரியுது."